இற்செறிப்பு, 2020

“விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு.” 2020ஆம் ஆண்டு தமிழக அரசு தொலைக்காட்சியிலும் செய்தித்தாள்களிலும் திரும்பத் திரும்பச் சொன்ன மூன்று சொற்கள் இவை. நான்கு சுவருக்குள் அடைந்து கிடப்பது எப்படி மூச்சு முட்டுகிறது என்று அந்த ஆண்டு ஆண்கள் கவிதை எழுதினார்கள், மீம்ஸ் போட்டார்கள், நேரலையில் பேசினார்கள். அந்த மூன்றாவது சொல்லை வயதுக்கு வந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் பக்கத்து அறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் அனுபவம் கேட்கவில்லை.

பெருந்தொற்றும் கல்லூரி மாணவர்களின் மனநலமும் என்ற தலைப்பில் அந்தக் காலத்தில் எத்தனையோ இணையவழிக் கருத்தரங்குகள் நடந்தன. சான்றிதழ்கள் மின்னஞ்சலில் வந்து குவிந்தன. தனிமை, தூக்கமின்மை, திரையைப் பார்க்கும் நேரம், தேர்வு பயம், வேலை கிடைக்குமா என்ற கவலை என்று ஒரு பட்டியல் எல்லாக் கருத்தரங்குகளிலும் வந்தது. பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ‘மாணவர்கள்’ என்ற பொதுச்சொல்லுக்குள் மாணவிகள் கரைந்துபோனார்கள். ஊரடங்கு ஒரு மாணவனிடமிருந்து பறித்ததும் ஒரு மாணவியிடமிருந்து பறித்ததும் ஒன்றல்ல. அவனுடைய வழக்கமான வாழ்க்கை சில மாதங்கள் நின்றது. அவளுக்கு, கல்லூரி என்ற பெயரில் மூன்றே ஆண்டுகளுக்குக் கிடைத்திருந்த விதிவிலக்கு ரத்தானது. அவள் தன் ‘வழக்கமான’ வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அதனால் வந்த துயரத்தை அவளுடைய மனதின் கோளாறு என்று எழுதிவைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த நிலைமைக்குப் புதிய கலைச்சொல் தேவையில்லை. அகப்பாடல்களில் இதற்கு இற்செறிப்பு என்று பெயர். தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருந்த பெண், கதிர் முற்றி அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு அழைக்கப்படுகிறாள். அலர் எழுந்தாலும், உடலில் மாற்றம் தெரிந்தாலும் காவல் இறுகுகிறது. அவள் மெலிகிறாள், உறங்காமல் கிடக்கிறாள். தாய் பதறிப்போய்க் கட்டுவிச்சியைக் குறி கேட்கிறாள். வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். முருகு அணங்கியதால் வந்த நோய் என்று தீர்ப்பாகிறது, ஆட்டுக்குட்டி அறுக்கப்படுகிறது. நோயின் காரணம் அந்தப் பெண்ணுக்குத் தெரியும், அவளுடைய தோழிக்குத் தெரியும். அவர்களிடம் மட்டும் கேட்பதில்லை.

வகுப்பறையில் இந்தத் துறையைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். 2021 செப்டம்பருக்குப் பிறகு அதை நடத்தும்போது மாணவிகளுக்கு உரை தேவைப்படவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் தொடங்கும் கல்லூரி

கே.ஜி.கண்டிகை, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை. ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்து ஊர்கள் இவை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லைக்கோடு அன்றோடு முடிவானது. பேச்சில் இன்றும் முடியவில்லை. வீட்டில் தெலுங்கு, கல்லூரியில் தமிழ், கைபேசியில் இரண்டும் என்று வாழும் பெண்கள் ஏராளம். பாதி வீடுகளில் விசைத்தறி ஓடும். மற்ற வீடுகளில் நூறுநாள் வேலை, கழனி வேலை, சித்தாள் வேலை. இந்த வீடுகளிலிருந்து பட்டப்படிப்புக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் முதல் தலைமுறை.

இவர்களுக்குக் கல்லூரி என்பது வகுப்பறை மட்டுமல்ல. காலையில் கே.ஜி.கண்டிகை நிறுத்தத்தில் பேருந்துக்காகக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் அது தொடங்குகிறது. சன்னலோர இருக்கை, தோழியின் டிபன் பாக்ஸ், மரத்தடி, நூலகத்தில் தூங்கி வழியும் மதியம், காரணமில்லாமல் சிரிக்கிற சிரிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் கல்லூரி. யாருக்கும் மகளாக, அக்காவாக, வருங்கால மருமகளாக இல்லாமல் ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் வெறும் ஒரு பெயராக இருக்க முடிகிற இடம் அவளுக்கு வேறு கிடையாது. ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது, ஏரிக்கரை இருக்கிறது, கிரிக்கெட் மைதானம் இருக்கிறது, மலைப்படிக்கட்டு இருக்கிறது. அங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

2020 மார்ச் 17 அன்று கல்லூரிகள் மூடப்பட்டபோது இது எல்லாமே மூடப்பட்டது. பதிலுக்கு அரசும் பல்கலைக்கழகங்களும் கொடுத்தது இணையவழி வகுப்பு. பாடம் மட்டுமே கல்லூரி என்று நினைப்பவர்களால்தான் இதை மாற்று ஏற்பாடு என்று சொல்ல முடியும்.

அந்தப் பாடமாவது போய்ச் சேர்ந்ததா? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு. வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் அது யார் கையில் இருந்திருக்கும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. அப்பாவுக்கு வேலை விஷயமாக வேண்டும், தம்பிக்குப் பத்தாம் வகுப்பு, அவளுக்கு மிச்சமிருக்கும் நேரம். 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று தமிழக அரசு 2021 ஜனவரியில் அறிவித்தது. கல்லூரிகள் மூடிப் பத்து மாதம் கழித்து சிம் கார்டு வந்தது. அதைப் போட்டுக்கொள்ள அவளுக்கென்று ஒரு போன் வேண்டும் என்பது திட்டத்தில் இல்லை.

போன் கையில் கிடைத்த பெண்களுக்கு அது வேறொரு காவலாக மாறியது. “யார்கிட்ட இவ்ளோ நேரம் பேசுற?” “கிளாஸ்னா எதுக்கு சிரிக்கிற?” “கதவ எதுக்குச் சாத்துற?” வகுப்பு வாட்ஸ்அப் குழுவை அண்ணன் படித்தான். கேமராவைப் போடச் சொன்ன ஆசிரியர்களுக்குப் பின்னணியில் தெரிந்தது ஓட்டுச் சுவர். அவளுக்குத் தெரிந்தது அந்தச் சுவரைப் பார்க்கும் அறுபது பேர். மைக்கை இயக்கினால் தறிச்சத்தம். அதனால் அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததற்கு ‘ஈடுபாடு குறைவு’ என்று பெயர் வைத்தோம். குறைந்த ஈடுபாடு மனச்சோர்வின் அறிகுறி என்று கருத்தரங்கில் படித்தோம்.

போன் பிரச்சினை ஊரடங்கோடு பிறந்ததும் அல்ல. கோழிக்கோட்டில் கல்லூரி விடுதியொன்றில் மாலை நேரத்தில் மாணவிகள் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்ற விதியை எதிர்த்ததற்காக வெளியேற்றப்பட்ட ஃபஹீமா ஷிரின், கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. ஆறு மாதம் கழித்து நாடே இணையத்தில் படிக்க வேண்டிய நிலை வந்தபோது, அந்தத் தீர்ப்பை எத்தனை கல்லூரிகள் நினைத்துப் பார்த்தன?

வீடு என்னும் வேலைத்தலம்

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். இது ஊரடங்குக்கு முந்தைய கணக்கு. எல்லோரும் வீட்டில் இருந்தால், மூன்று வேளையும் எல்லோரும் வீட்டிலேயே சாப்பிட்டால், கை கழுவு, துணியைத் துவை, தரையைத் துடை என்று சுத்தத்தின் அளவும் கூடினால் அந்த 299 என்னவாகியிருக்கும்? அதன் பெரும்பங்கு அம்மாவின் தலையில் விழுந்தது. அடுத்த பங்கு கல்லூரி போகாமல் ‘சும்மா’ இருக்கும் மகளின் தலையில்.

தறி வீடுகளில் இன்னொன்றும் சேர்ந்தது. நூல் வரத்து நின்று, கூலி நின்று, பின் அரைகுறையாகத் தொடங்கியபோது வெளியாளுக்குக் கொடுக்கக் காசில்லை. தார் சுற்ற வீட்டுப்பெண் இருக்கிறாளே! காலை பத்து மணி வகுப்பைக் காதில் மாட்டிக்கொண்டு தார் சுற்றிய பெண்களை எனக்குத் தெரியும். இந்த உழைப்புக்கு வருகைப்பதிவேட்டிலும் இடமில்லை, கூலிக் கணக்கிலும் இடமில்லை.

வீடு பாதுகாப்பானது என்ற பொய்யையும் பேச வேண்டும். ஊரடங்குக்குள் பெருகிய குடும்ப வன்முறையை ஐ.நா. பெண்கள் அமைப்பு ‘நிழல் பெருந்தொற்று’ என்று அழைத்தது. அடிப்பவனோடு சேர்த்துப் பூட்டப்பட்ட வீட்டில், அம்மா அடிவாங்குவதைப் பார்த்துக்கொண்டே செய்முறைத் தேர்வுக்குத் தயாராக வேண்டிய பெண்ணிடம் மூச்சுப்பயிற்சி செய் என்று சொல்வது அறிவுரை ஆகாது. குடிக்கக் காசு கிடைக்காத நாளும் குடித்துவிட்டு வந்த நாளும் அவளுக்கு ஒரே நாள்தான்.

இங்கேதான் அரசின் முன்னுரிமைகளைக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழகத்தின் பெரும்பகுதியில் மதுக்கடைகள் 2020 மே மாதமே திறந்தன. உயர்நீதிமன்றம் மூடச் சொன்னபோது அரசு உச்சநீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கித் திறந்தது. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1. திரையரங்குகள் நவம்பர் 10. இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்குக் கல்லூரி டிசம்பர் 7. மற்ற ஆண்டு மாணவர்களுக்கு 2021 பிப்ரவரி 8. மார்ச்சிலேயே மீண்டும் மூடல். பிறகு திறந்தது செப்டம்பர் 1. கல்லூரியைத் திறப்பதற்காக உச்சநீதிமன்றம் போன அரசு எதையும் நான் கேள்விப்படவில்லை.

நோய் உண்மைதானே, ஊரடங்கு தேவையில்லை என்கிறாயா என்று கேட்பார்கள். நோய் உண்மை. தமிழ்நாட்டில் மட்டும் 38,000 பேருக்கு மேல் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. நான் கேட்பது மூட வேண்டுமா என்பதை அல்ல, எந்த வரிசையில் திறந்தார்கள் என்பதை. குடிக்க வருபவர்களை இடைவெளிவிட்டு நிற்கவைக்க வட்டம் போட முடிந்தவர்களால், இருபது பெண்களை இடைவெளிவிட்டு நூலகத்தில் உட்காரவைக்க வட்டம் போட முடியாமல் போனது எதனால்? பெண்கள் வீட்டில் இருப்பதில் யாருக்கும் நட்டமில்லை என்பதால். வருமானமும் குறையவில்லை, ஓட்டும் குறையவில்லை.

பையன்களும்தானே கஷ்டப்பட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. பட்டார்கள். அப்பாவின் கூலி நின்றதும் படிப்பை விட்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போன பையன்களின் துயரம் எந்த வகையிலும் சிறியதல்ல. அதை எழுத வேண்டியவர்கள் எழுதட்டும். ஆனால் அவன் வெளியே தள்ளப்பட்டான், அவள் உள்ளே தள்ளப்பட்டாள். இரண்டுக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுக்க முடியாது.

வருகைப்பதிவேட்டில் பதில் வராத பெயர்கள்

திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று 2020 மே மாதம் விதி வந்தது. நோய்த் தடுப்புக்கான அந்த விதி எங்கள் ஊர்களில் ஒரு சலுகை விற்பனையைப் போல வேலை செய்தது. மண்டபம் வேண்டாம், ஊர்ச்சாப்பாடு வேண்டாம், சீர் பார்க்கக் கூட்டம் வராது. “இப்பவே முடிச்சிட்டா செலவு மிச்சம்.” கல்லூரி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், பெண்ணை வீட்டில் வைத்திருப்பதற்குச் சொல்லக் காரணமும் இல்லை. இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு நேரில் வந்து பெயர்களை வாசித்தபோது சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. “கல்யாணம் ஆயிடுச்சு மேம்” என்று பக்கத்து இருக்கைக்காரி சொன்னாள்.

இவை குழந்தைத் திருமணங்கள் அல்ல. அந்தப் பெண்களுக்குப் பத்தொன்பது, இருபது வயது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் கீழ் 2019இல் நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 523, 2020இல் 785. வெளியே தெரிந்த சிறு பகுதி அது. ஆனால் அதற்காவது ஒரு பதிவேடு இருக்கிறது. செமஸ்டருக்கு நடுவில் தாலி கட்டப்பட்ட இருபது வயதுப் பெண்ணுக்குப் பதிவேடே இல்லை. ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் பெண்களின் திருமண வயதை 21ஆக உயர்த்தும் மசோதாவைக் கொண்டுவந்தது. கல்லூரியை மூடிவைத்துவிட்டு, கல்லூரி இல்லாததால் நடந்த திருமணங்களைக் குற்றமாக்குவது எளிது. அந்த மசோதா சட்டமாகியிருந்தால், பெற்றோரை மீறிக் காதலித்து மணப்பவர்கள் மேல்தான் முதலில் பாய்ந்திருக்கும் என்பதை நம் ஊர்க் காவல் நிலையங்களை அறிந்தவர்கள் அறிவார்கள்.

திருத்தணி மலைமேல் இருப்பவன் வள்ளியை மணந்து வந்து தணிந்தவன் என்பது ஊர் நம்பிக்கை. அந்த வள்ளி தினைப்புனம் காத்தவள், அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப் போகப்பட்டவள், காவலைக் கடந்து தானே தேர்ந்தவனோடு போனவள். அவளுக்குத் திருக்கல்யாணம் செய்து கும்பிட்டுவிட்டு இறங்கும் குடும்பங்கள், தன் மகள் சாதிக்கு வெளியே ஒருவனோடு பேசினாள் என்று தெரிந்தால் என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஊரடங்கு அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த வசதியான காவல். பூட்டியது அரசு, சாவி வீட்டில் இருந்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2019இல் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 10,335. 2020இல் 12,526. 2021இல் 13,089, அவர்களில் 5,693 பேர் பெண்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் கல்வி உதவித்தொகை தாமதமானது, மடிக்கணினி வாங்க வழியில்லாதது, விடுதியைக் காலி செய்யச் சொன்னது என்று ஒரு பெண்ணின் மரணத்தோடு 2020 நவம்பரில் நாளேடுகளில் அடுக்கப்பட்டவை மூளையின் வேதிமாற்றங்கள் அல்ல. அவை அரசாணைகளும் சுற்றறிக்கைகளும். இந்த எண்களில் வராதவர்கள் இன்னும் அதிகம். உயிரோடு இருந்துகொண்டே பேச்சை நிறுத்தியவர்கள், முடி கொட்டியவர்கள், மாதவிலக்கு நின்றுபோனவர்கள், ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று மந்திரிக்க அழைத்துப் போகப்பட்டவர்கள். வெறியாட்டு பாட்டில் மட்டும் இல்லை.

கருத்தரங்கு நடத்துவதும் அதன் நாகரிக வடிவம்தான். 2020 ஜூலையில் ஒன்றியக் கல்வித்துறை ‘மனோதர்பண்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மனதுக்குக் கண்ணாடி என்று பெயர். கண்ணாடியில் பார்த்தால் தன் முகம்தான் தெரியும், பின்னால் சாத்திய கதவைத் திறப்பதற்குக் கண்ணாடி உதவாது. நேர்மறையாகச் சிந்தியுங்கள், யோகா செய்யுங்கள், குடும்பத்தோடு நேரம் செலவிடுங்கள் என்றார்கள். குடும்பத்தோடு நேரம் செலவிட்டதுதான் பலருக்கு நோய்.

மனநல ஆலோசனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்தும் மருத்துவரும் தேவைப்படுகிற பெண்களை வேப்பிலை அடித்து வதைப்பதைவிட 14416 என்ற டெலிமானஸ் எண்ணைச் சொல்லிக்கொடுப்பது ஆயிரம் மடங்கு மேல். இதைப் படிப்பவர்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது, ஆலோசனை மட்டும் போதாது என்பது. பூட்டைத் திறக்காமல் உள்ளே இருப்பவளுக்குச் சிகிச்சை கொடுப்பது பூட்டியவனுக்குச் செய்யும் உதவி.

அகப்பாடல்களில் வெறியாட்டை நிறுத்துவது யார்? தாயோ வேலனோ அல்ல, தோழி. அவள்தான் உண்மையைச் சொல்லி அறத்தொடு நிற்கிறாள். ஊரடங்கு நம் பெண்களிடமிருந்து முதலில் பறித்தது அந்தத் தோழியைத்தான். ஆகவே கோரிக்கைகளை அங்கிருந்து தொடங்குவோம்.

ஒன்று: கல்லூரியில் ஒரு பெண் அழுதால் உடனே “பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா” என்பதை நிறுத்த வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தவள் சட்டப்படி வயதுவந்தவள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. யாரிடமிருந்து தப்பித்து வந்து பேசுகிறாளோ அவர்களிடமே அவளை ஒப்படைக்கும் அமைப்புக்கு ஆலோசனை மையம் என்று பலகை மாட்டக் கூடாது.

இரண்டு: ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் பயிற்சி பெற்ற பெண் ஆலோசகர் நிரந்தரப் பணியிடத்தில் வேண்டும். வேறு பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளரின் தலையில் கட்டப்படும் கூடுதல் பொறுப்பாக அல்ல. எங்கள் பக்கத்தில் அவருக்குத் தெலுங்கும் தெரிந்திருக்க வேண்டும். அழுகை வீட்டு மொழியில்தான் வரும்.

மூன்று: திருமணத்தால் இடைநின்ற பெண்கள் விட்ட செமஸ்டரிலிருந்து, விட்ட கல்லூரியிலோ புகுந்த ஊரின் கல்லூரியிலோ, அபராதக் கட்டணமின்றித் தொடர வழி வேண்டும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து வந்தவளின் வங்கிக் கணக்கிலேயே மாதம் ஆயிரம் ரூபாய் போடுகிறது. திருமண உதவியாக இருந்த நிதி படிப்புக்கான நிதியாக மாறியது நல்ல மாற்றம். பாதியில் நின்றவளைத் திரும்ப அழைத்துவருவதற்கும் அதே அக்கறை வேண்டும்.

நான்கு: அடுத்த பெருந்தொற்றோ வெள்ளமோ வரும்போது, கடைசியாக மூடப்பட்டு முதலில் திறக்கப்படும் இடங்களின் பட்டியலில் கல்லூரி நூலகமும் பெண்கள் விடுதியும் நகரப் பேருந்தும் இருக்க வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021 மே 8 அன்று தொடங்கியது. மே 10 அன்று முழு ஊரடங்கில் பேருந்தே நின்றது. அந்த இரண்டு நாள் இடைவெளியில் பயணம் செய்த பெண்களுக்குத் தெரியும், காசு கேட்காத பேருந்து என்றால் என்னவென்று. வீட்டில் யாரிடமும் கையேந்தாமல், காரணம் சொல்லாமல் ஏற முடிகிற வண்டி அது. மனநலத்துக்கென்று அரசு ஒதுக்கும் நிதியில் பேருந்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்போம்.

ஐந்தாவது மாணவிகளுக்கு. உங்கள் வகுப்பில் பெயர் வாசிக்கும்போது பதில் வராத பெண் யார் என்று பாருங்கள். அவள் எண்ணுக்கு அழையுங்கள். அண்ணன் எடுத்தால் நோட்ஸ் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். இரண்டு பேராகச் சேர்ந்து அவள் வீட்டுக்கே போங்கள். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் எது என்று அவள் காதில் போடுங்கள். அவளிடம் கேட்க வேண்டியதை முதலில் நீங்கள் கேளுங்கள்.